இருபத்தொரு நிமிடங்கள்

என் மனைவியின் இதயம் எப்படித் துடித்தது என்பதை, அவள் இறந்து மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். போலீஸ் நிலையத்தில் ஒரு சின்ன அறை. சிவப்பில் ஒரு கோடு அச்சடித்த வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்கள். கோடு ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு மெல்லச் சரிந்து ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறோம். ஒரு தடவைகூட நான் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்ததில்லை.

அவள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் கூலிம் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்து, எங்காவது துளி கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் வீடு புக்கிட் செலம்பாவில், தாமான் என்று சொல்கிற வீடமைப்புப் பகுதி ஒன்றின் கடைசி வரிசையில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்குள் போகிற தார்ச் சாலையில் விடிந்தால் செம்பனைப் பழ லோரிகள் ஓடும், வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஓடும். மற்ற நேரத்தில் அங்கே மாடுகள்தான்.

நாற்பத்தாறு வயதில் ஒருநாள் அவள் ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அந்தச் சாலையில் ஓடப் போனாள். முதல் வாரம் படிக்கட்டு ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர், ஒரு வருடத்தில் பத்து.

அறிவியல் ஆசிரியை என்பதால் ஓட்டத்தையும் பாடம் மாதிரிதான் நடத்தினாள். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து வினாடி எண்ணுவாள், நாலால் பெருக்குவாள். "மொதல்ல எம்பது இருந்துச்சுங்க. இப்ப அறுபத்து ரெண்டு. இதயமும் ஒரு தசைதானே. பழக்கினா கம்மியா அடிச்சே அதே ரத்தத்தைத் தள்ளிடும்" என்பாள். நான் நாளிதழைப் பிரித்தபடி "ம்" என்பேன். பள்ளியில் பிள்ளைகளைத் திடலைச் சுற்றி ஓடவிட்டு, ஓடுவதற்கு முன் நாடி எவ்வளவு, பின் எவ்வளவு என்று எண்ணச் சொல்வாளாம். மூச்சு வாங்க ஓடினால் கொழுப்பு அதிகம் எரியும் என்பது தப்பு, பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான் நல்லது என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்வாள். பேசிக்கொண்டே ஓட அவளோடு ஆள் இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிந்ததும் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஓட்டக்காரர்கள் கட்டுகிற கைக்கடிகாரம் ஒன்றை அவள்தான் அனுப்பிவைத்தாள். அதன் அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் மினுமினுக்கும். அந்த வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்பி வருவதை வைத்து நாடியைக் கணக்கிடுகிறதாம். எங்கே ஓடுகிறோம், எவ்வளவு வேகம் எல்லாவற்றையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் போனில் மணிக்கணக்காக நாடி, வேகம், தூரம் என்றே பேசினார்கள். எனக்கு அதில் பேச ஒன்றும் இல்லை. போனை என்னிடம் கொடுக்கும்போது மகளுக்குப் பேச்சு தீர்ந்திருக்கும். "பசியாறிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன்.

அது ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கதவைச் சாத்திவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. எழுந்து வந்து கோப்பி கலக்கிக் குடித்தேன், நாளிதழ் படித்தேன். எட்டு மணி ஆகியும் அவள் வரவில்லை. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டச் சாலையில் போனேன். இரண்டாவது வளைவில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். பழம் அறுக்கிற இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டிருந்தார். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் படாத சாலையோரக் கால்வாய்ச் சரிவில் ஒருபக்கமாகக் கிடந்தாள். ஏழேமுக்காலுக்குப் பார்த்தேன், அப்போதே மூச்சு இல்லை என்று அவர் மலாயில் சொன்னார். அதைச் சொல்லும்போது, அது தன் தப்பு போல அவர் தலையைக் குனிந்துகொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாலையில் கேமரா கிடையாது. இடித்தவன் கிடைக்க மாட்டான் என்றுதான் சாவு வீட்டுக்கு வந்த எல்லாரும் பேசினார்கள்.

அடுத்த நாள் தடயவியல் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். சாலையில் கிடந்த கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்திருப்பதாகவும், மனைவியின் சட்டைத் தோள்பட்டையில் நீலச் சாயத் துகள் ஒட்டியிருந்ததாகவும் சொன்னார். அவள் கடிகாரமும் போனும் வேண்டும் என்றார். மருத்துவமனையில் கொடுத்த பையை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டு கடிகாரத்தை எடுத்துத் தனிப் பையில் போட்டு மூடினார். பச்சை வெளிச்சம் அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது பேசும் அங்கிள்" என்றார். "கொஞ்சம் டைம் குடுங்க."

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கடிகாரம் சரியாக ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு ஓட்டம் நின்றுவிட்டதாகப் பதிந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் எந்த லோரி போனது என்று பார்க்க, சுற்று வட்டாரத்துப் பழ லோரிகளின் இடம் காட்டும் கருவிகளை எல்லாம் சோதித்திருக்கிறார்கள். ஒரு லோரி ஏழு எட்டுக்கு அதே வளைவில் ஐம்பது வினாடி நின்று, பிறகு போயிருக்கிறது. பின்னால் வருவதைப் பார்க்கிற அதன் இடதுபக்கக் கண்ணாடியின் பிளாஸ்டிக் கூடு புதிதாக மாற்றப்பட்டிருந்தது. பழைய கூடு பட்டறைக் குப்பையில் கிடைத்தது. சாலையில் எடுத்த துண்டு அதன் உடைந்த இடத்தில் இம்மி பிசகாமல் பொருந்தியது. சட்டையில் இருந்த துகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நீலத்துக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் மறுபடி நீலம். லோரியின் கதவிலும் அதே அடுக்குதான் இருந்தது.

"டிரைவர் ஒத்துக்கிட்டாரு" என்றார்.

அப்புறம்தான் அந்தச் சிவப்புக் கோடு இருந்த தாளை வைத்தார். ஏழு எட்டு வரை நூற்றைம்பதை ஒட்டிய துடிப்பு. அதற்குப் பிறகும் கோடு போய்க்கொண்டிருந்தது. நான் அதன் மேல் விரலை வைத்து எங்கே முடிகிறது என்று பார்த்தேன். ஏழு இருபத்தொன்பது.

"இது என்னம்மா?"

"கையில கட்டற கருவி, ஆஸ்பத்திரி மெஷின் அளவுக்கு சரியா இருக்காது அங்கிள். ரிப்போர்ட்டில சுமாராத்தான் போட்டிருக்கோம். ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல ஆன்ட்டி உயிரோட இருந்திருக்காங்க."

நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னொரு தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது.

"விழுந்துட்டா இந்தக் கடிகாரம் முப்பது வினாடி பீப் அடிக்கும். நிறுத்தலைன்னா போன் வழியா வேண்டப்பட்டவங்களுக்கு இடத்தோட மெசேஜ் அனுப்பிடும். ஏழு ஒம்பதுக்கு மெசேஜ் போயிருக்கு. இந்த நம்பருக்கு. இது யாரோடது அங்கிள்?"

"என்னோடதுதான்" என்றேன். "பழைய நம்பர்."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல குணம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு ஆறு மாதம் முன்னால் நான் நம்பரை மாற்றியிருந்தேன். அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை நான் குளிக்கப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு. மூன்றாம் தடவை அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, புது நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும். நீங்க சரின்னு அமுக்கினா போதும். அதுக்கப்புறம் நான் எங்கயாவது விழுந்தா உங்களுக்குத் தெரியும்."

"நீ ஏன் விழப்போற?" என்றேன். "அப்புறம் பார்க்கலாம்லா."

அவள் எழுந்து போய்விட்டாள். அப்புறம் கேட்கவில்லை. சோம்பல் என்று போலீசில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவளுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த அந்தக் கடிகாரத்தின் மேல் எனக்கு ஒரு சின்னக் கோபம் இருந்தது. நான் சரி என்று அமுக்கினால் அந்த விளையாட்டில் நானும் சேர்ந்ததாகிவிடும் என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் என்னிடம் விஞ்ஞானத்தைப் பாராட்டினார்கள். கோயிலில் பார்த்தவர், கடையில் பார்த்தவர், வேலையிடத்தில் கூட நிற்பவர். "கடிகாரமே காட்டிக்குடுத்துருச்சு பாருங்க அண்ணே. இந்தக் காலத்துல யாரும் தப்பிக்க முடியாது." நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர்கள் யாருக்கும் அந்த நம்பர் விஷயம் தெரியாது. நான் ஆட்களைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். வேலை முடிந்தால் நேராக வீடு. மனிதர்கள் வந்து பேசினால் எந்த நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மகள் கூப்பிட்டால் மழை பெய்கிறதா, வெயிலா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

ஏழு எட்டிலிருந்து ஏழு இருபத்தொன்பது வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோப்பி குடித்து முடித்து, நாளிதழின் பின்பக்க விளையாட்டுச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த வளைவுக்கும் என் வீட்டுக்கும் மோட்டாரில் ஆறு நிமிடம். ஒருநாள் போய் ஓட்டிப் பார்த்தே அளந்தேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதிய டாக்டரைப் பார்க்க அனுமதி வாங்கிப் போனேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பாங்களா?" என்று கேட்டேன். தலையில் பட்ட அடி, உள்ளே கசிந்த ரத்தம் என்று விளக்கிவிட்டு, கடைசியில் "சொல்ல முடியாது" என்றார். "பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். இதை அளக்க எங்களிடம் ஒன்றுமில்லை." சாயத்தின் அடுக்கை எண்ணத் தெரிந்தவர்கள், வினாடிக் கணக்கில் லோரி நின்றதைச் சொல்லத் தெரிந்தவர்கள், எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தெரியாது என்றார்கள்.

ஒரு மாலை என் பழைய நம்பரையே கூப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. மணி அடித்தது. ஒரு வயதான மலாய்க்காரர் எடுத்தார். பெண்டாங் பக்கத்தில் நெல் விவசாயம் செய்கிறவர். நம்பரை வாங்கி நாலு மாதம் ஆகிறது என்றார். நான் யார், ஏன் கூப்பிடுகிறேன் என்று மலாயில் சொன்னேன். அவருக்குப் பின்னால் கோழிகள் கத்துவது கேட்டது.

"அன்றைக்கு வயலுக்குக் கிளம்பும்போது அது வந்தது" என்றார். "ஏதோ இணைப்பு, அதை அமுக்கச் சொல்லி. இப்போதெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் அப்படித்தானே அனுப்புகிறார்கள். என் மகன்தான் எதையும் அமுக்காதே என்று சொல்லி வைத்திருந்தான். அழித்துவிட்டேன். போலீசும் வந்து கேட்டார்கள். மாஃப், என்சிக்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை என்றேன். அது உங்களுக்கு வந்திருக்கவே கூடாதது, என் மனைவி மூன்று தடவை கேட்டும் நான் புது நம்பரைப் போடவில்லை என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாததை, முகம் பார்க்காத ஓர் ஆளிடம், எனக்குச் சரளமாக வராத மொழியில் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்" என்றேன். "நானும்தான்" என்றார். அவரே போனை வைக்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது பத்து மாதம் ஆகியிருந்தது. மகள் ஜொகூரிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தாள். விசாரணைக்கு முன்னால் நடைபாதை பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஜாமீனில் இருந்த டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான். கரங்கான் ஊர்க்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை.

"அண்ணே" என்றான். "நான் எறங்கிப் பார்த்தேண்ணே. அக்கா கண்ணைத் தொறந்துதான் இருந்தாங்க. கையில என்னமோ பீப் பீப்னு அடிச்சிட்டே இருந்துச்சு. எனக்கு லைசன் செத்துப்போயி ஒரு வருஷம், புதுப்பிக்கல. பயந்துட்டேண்ணே. இப்பவும் அந்தச் சத்தம் காதுல கேக்குது."

மகள் எழுந்து நின்றாள். அடித்துவிடுவாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் அடிக்கவில்லை. "போயிருங்க அண்ணே" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் போனான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் வரும் என்று இத்தனை மாதம் காத்திருந்தேன். வரவில்லை. அவனுக்கு ஐம்பது வினாடி கிடைத்தது, எனக்கு ஆறு மாதம் கிடைத்தது என்றுதான் மனசு ஓடியது.

அன்று அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் பக்கம் ஒரு பெண் அழுதாள். வெளியே வந்தபோது நல்ல மழை. நானும் மகளும் காடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கண்ணாடியில் ஆவி படிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த மெசேஜ்..."

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க பழைய நம்பருக்குப் போச்சு. அந்தக் கடிகாரத்துல அம்மாவோட கணக்கு என் போன்லயும் இருக்கு. அம்மாவை எடுத்த அன்னிக்கு சாயந்தரமே பார்த்துட்டேன். எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தீங்க. நான் குளியலறையில ஒக்காந்து பார்த்தேன். இருபத்தொரு நிமிஷமும் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம்..." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா என் நம்பரையும் சேர்க்கச் சொன்னாங்கப்பா. நீங்க புது நம்பரைப் போட மாட்டேங்கறீங்கன்னு சொல்லித்தான் கேட்டாங்க. நான் அவ்ளோ தூரத்துல இருந்து என்னம்மா செய்ய முடியும், அப்பாகிட்டயே திரும்பக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். நான் அன்னிக்கு ஏழு மணிக்கு முழிச்சுத்தான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு."

நான் அவள் தலையில் கை வைத்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைத்தது. அவள் தலையை நகர்த்தவில்லை. பத்து மாதமாக நான் புக்கிட் செலம்பாவிலும் அவள் ஜொகூரிலும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாக மூடி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசியிருக்கிறோம்.

மழை விட்டதும் பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் ரொட்டி சாப்பிட்டோம். அவள் பாதியை வைத்துவிட்டாள். என்னோடு ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்றாள். வேலை இருக்கிறது என்றேன். பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு, பஸ் சாலையில் திரும்பும்வரை நின்றேன். சொல்லிவிட்டால் லேசாக இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. பயம் போய்விட்டது, அது உண்மை. வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். பேச்சு முன்பைவிடக் கொஞ்சம் நீளம். போன வாரம் சட்டென்று கேட்டாள்.

"அம்மா ஏம்ப்பா திடீர்னு ஓட ஆரம்பிச்சாங்க? உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "உங்கிட்ட?"

"வேகம் எவ்ளோ, நாடி எவ்ளோன்னு எல்லாம் கேட்டேன். அதைக் கேக்கல."

நானும் கேட்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் அவள் அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு அவள், மதியத்துக்கு என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.